எவ்வளவு, எப்போது, பிறகுதான் எதில்?

(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

போன தீபாவளி அன்று காலை நாலரை மணியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தலையில் நல்லெண்ணெய், கையில் சீயக்காய்க் கிண்ணம், வெளியே தூறல். அந்த நேரம் பார்த்து முதலில் ஒரு ஃபேஸ் போனது. எட்டு வீடு இருட்டு. அந்த எட்டு வீட்டாரும் என்ன செய்தோம்? பழக்கப்படி ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பி அடுத்த ஃபேஸுக்குப் போனோம். ஐந்து நிமிடத்தில் அதுவும் போனது. அப்புறம் மூன்றாவது. மின்துறை ஆள் வந்து ஃபியூஸ் மாற்றும்போது மணி ஆறரை. மூன்றாம் மாடியில் எண்பது கடந்த ஓர் அம்மா, எண்ணெய்த் தலையோடு இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கேஸ் அடுப்பில் குக்கர் குக்கராகத் தண்ணீர் சுட வைத்துத்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள்.

அதற்குப் பிறகு செயற்குழுவுக்கு மூன்று கோரிக்கைகள் வந்தன. மெயின் போர்டையே பெரிதாக்குங்கள் என்று ஒன்று. நாலாம் மாடி வீடுகள் இரண்டு, மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கின்றன. மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, இரண்டு வீட்டுக்கு மட்டும் எப்படி என்று கீழ் வீடுகளிலிருந்து மூன்றாவது கடிதம். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் மின்சாரப் பாடம் எடுத்தவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் எதையும் விற்க வரவில்லை. எந்தக் கம்பெனிப் பெயரும் சொல்லப்போவதில்லை.

அன்று நடந்ததை முதலில் கணக்காகப் பார்ப்போம். நம் கட்டடத்தில் 24 வீடு. வீட்டுக்கு இரண்டு குளியலறை, இரண்டு கீசர். மொத்தம் 48. ஒவ்வொன்றும் 2 கிலோவாட். அவ்வளவும் வேண்டாம், 30 கீசர் ஒரே நேரத்தில் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோவாட். மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரிந்தாலே ஒரு ஃபேஸுக்கு 87 ஆம்பியர். அதன்மேல் ஃபிரிட்ஜ், விளக்கு, லிஃப்ட், தண்ணீர் மோட்டார். நம் ஃபியூஸ் 100 ஆம்பியர். ஒரு ஃபேஸில் பாரம் கொஞ்சம் கூடினால் போதும். போனது அதனால்தான். ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நாம்தான் எல்லாரும் ஒரே வேலையை ஒரே நிமிடத்தில் செய்தோம்.

எனவே இயந்திரத்தை மாற்றுவதற்கு முன்னால் மூன்று கேள்வி. நமக்கு வெந்நீர் எவ்வளவு வேண்டும்? எப்போது சுட வைக்க வேண்டும்? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு, எதில் சுட வைப்பது? நம்மில் பலர் மூன்றாவது கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறோம். நானும் அப்படித் தொடங்கி ஏமாந்தவன்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எவ்வளவு?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். இது எந்த ஊரிலும் மாறாது. மாறுவது தண்ணீர் எந்தச் சூட்டில் வருகிறது என்பது. நம் ஊர் கடலோர ஊர். மார்கழியிலும் மேல்தொட்டித் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும் குளிராக இருப்பதில்லை. 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். ஏற்ற வேண்டியது 13 டிகிரிதான்.

18 லிட்டர் பக்கெட் ஒன்றில் குளித்தால் செலவு கால் யூனிட்டுக்குச் சற்று மேல், 0.27 யூனிட். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 8 நிமிடம் நின்றால் 64 லிட்டர், ஏறத்தாழ ஒரு யூனிட். பக்கெட்டுக்கும் ஷவருக்கும் மூன்றரை மடங்கு வித்தியாசம். எந்த நட்சத்திர முத்திரையும் இந்த அளவுக்கு மிச்சம் தராது.

இப்போது கீசர். 25 லிட்டர் கீசரை 60 டிகிரி வரை ஏற்றினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஒரு பக்கெட் குளியலுக்காக அதை முழுவதும் சுட வைத்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டிக்குள் ஆற விடுகிறோம். சுவிட்சையும் அணைப்பதில்லை. என் வீட்டில் ஒரு நாள் சோதித்தேன். யாரும் தொடாமல் கீசரை மட்டும் நாள் முழுக்கப் போட்டு வைத்ததில் முக்கால் யூனிட் ஓடியிருந்தது. ஒரு சொட்டு வெந்நீர் பிடிக்காமல் மூன்று பக்கெட் குளியலுக்கான கரண்ட்! கீசர் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் சொல்வது இந்த இழப்பைத்தான். ஐந்து நட்சத்திரம் என்றால் உள்ளே சூடு தங்கும், ஃபிளாஸ்க் நல்ல ஃபிளாஸ்க். தண்ணீரைச் சூடேற்றும் செலவு எல்லாக் கீசருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் ஒன்றியப் பிரதேசத்துக்குக் காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது, பக்கத்து நெய்வேலியிலிருந்தும். பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, டர்பைனைச் சுற்றி, மூன்று பங்கு வெப்பத்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாகப் பெறுகிறார்கள். அதைக் கம்பி வழியே கொண்டுவந்து நாம் மறுபடி வெப்பமாக்குகிறோம். நம் பாட்டி கொல்லையில் அண்டா வைத்துத் தென்னமட்டை எரித்தார். புகை அவர் கண்ணில் பட்டது. நம் புகை நெய்வேலியில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்போது?

தண்ணீர் சூட்டைச் சேமித்து வைக்கும் பொருள். காலை ஆறு மணிக் குளியலுக்கு ஐந்தே முக்காலுக்குத்தான் சுவிட்ச் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நல்ல கீசரில் இரவு பத்து மணிக்கு ஏற்றி அணைத்து வைத்த தண்ணீர், விடியற்காலையில் குளிக்கத் தாராளமாகப் போதும். கொஞ்சம் சூடு குறைந்திருக்கும், ஆனால் 60-லிருந்து குறைந்தாலும் நாம் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம்?

தீபாவளிக்கு என் யோசனை இதுதான். முதல், மூன்றாம் மாடிகள் முந்தின இரவு பத்திலிருந்து பதினொன்றுக்குள். இரண்டாம், நாலாம் மாடிகள் விடியற்காலை மூன்றரையிலிருந்து நாலரைக்குள். வீட்டுக்கு ஒரே கீசர். முக்கியமாக, ஃபேஸ் போனால் கீசரை அணைக்காமல் யாரும் சேஞ்சரைத் திருப்பக் கூடாது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மெயின் போர்டைப் பெரிதாக்குவது பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும். சூடு வீணாவது அதில் குறைவு, உண்மை. ஆனால் பெரும்பாலும் 3 கிலோவாட் இழுக்கும், அதுவும் நீங்கள் குளிக்கும் அந்த நிமிடத்தில்தான். உங்கள் பில்லுக்கு நல்லது, நம் ஃபியூஸுக்குக் கெட்டது.

எதில்?

இப்போது என் கதை. இங்கே வருவதற்கு முன் லாஸ்பேட்டையில் தனி வீட்டில் இருந்தோம். நானும் மனைவியும் இரண்டே பேர். 200 லிட்டர் சோலார் ஹீட்டர் வாங்கினேன். "பெரிசாவே போட்டுடுங்க சார், பிள்ளைங்க வந்தா ஆகும்" என்றார் விற்றவர். மின்சாரம் கற்றுக்கொடுத்தவன், ஒரு கணக்குப் போடாமல் தலையாட்டினேன். சித்திரையில் குழாயைத் திறந்தால் ஆவி பறக்கும், அப்போது யாருக்கு வேண்டும் வெந்நீர்? ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் நாலு நாள் வெதுவெதுப்புகூட இருக்காது. மூன்றாவது வருஷம் கண்ணாடிக் குழாய்களுக்குள் உப்பு படிந்து, அதன் வேலையே பாதியாகிவிட்டது.

இதில் இரண்டு பாடம். ஒன்று பருவம். நமக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில். வெந்நீர் தேடும் மாதங்களில்தான் வெயில் ஒளிந்துகொள்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்தில் கரையைக் கடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள், சூரியன் எங்கே இருந்தது? பக்கத்திலேயே ஆரோவில்லின் சூரிய சமையற்கூடத்தில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தைக் கூரைமேல் வைத்து வெயிலில் நீராவி எடுக்கிறார்கள். அங்கேயும் துணைக்கு டீசல் பாய்லர் உண்டு. சோலார் வைத்தாலும் நம் வீட்டில் கீசர் இருந்துதான் ஆக வேண்டும். தீபாவளி ஃபியூஸ் பிரச்சினையை சோலார் ஹீட்டர் தீர்க்காது.

இரண்டாவது பாடம் தண்ணீர். ஒரு காலத்தில் நம் முத்திரையர்பாளையத்து நீரைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாய்க்கால் வழியே நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் நினைவாகத்தான் பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. இன்று நம் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுகிறது. இந்த உப்பு கீசர் காயிலின் மேல் படிந்தால் தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், காயிலும் சீக்கிரம் போகும். சோலாரில், சேகரிப்பான் வழியே இந்தத் தண்ணீர் நேராக ஓடாமல் இருக்கும் வகை, அதாவது ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள தட்டை வகைதான் நமக்கு ஏற்றது. விலை கூடுதல்.

பெங்களூரு பற்றிக் கேட்டீர்கள். அங்கே 2007 இறுதியில், புதிய கட்டடங்களுக்கு மின் இணைப்பு வேண்டுமானால் சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். வைத்தவர்களுக்கு பில்லில் யூனிட்டுக்கு 50 காசு, மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடியும் கொடுத்தார்கள். ஊர் முழுக்கப் பரவியது. ஆனால் பெங்களூரு ஆண்டு முழுக்கக் காலையில் வெந்நீர் கேட்கும் ஊர். நாம் வியர்வையோடு குளிக்கப் போகிறவர்கள். இஸ்ரேலில் 1980-லிருந்து புது வீடுகளுக்கு இது சட்டம். அங்கேகூட உயரமான கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. காரணம் எளிது, மாடி கூடக் கூட வீட்டுக்குக் கிடைக்கும் கூரை குறைகிறது.

நம் கட்டடத்திலேயே பாருங்கள். மொட்டை மாடியிலிருந்து முதல் மாடிக் குளியலறைக்குக் குழாய் பதினைந்து மீட்டருக்குக் குறையாது. முக்கால் அங்குலக் குழாயில் அந்த நீளத்துக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் நிற்கும். வெந்நீர் வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதைக் கீழே விட வேண்டும். பம்பு வைத்துச் சுற்ற விடலாம், ஆனால் அப்போது சூடு வழியெல்லாம் கசியும்.

இனி ஹீட் பம்பு. ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே விடுகிறது அல்லவா? இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். நம் ஊர்க் காற்று சூடும் ஈரமுமாக இருப்பதால் இங்கே நன்றாகவே ஓடும். மழையிலும் ஓடும். இழுப்பதும் குறைவு. விடுதி, மருத்துவமனை, ஹாஸ்டல் போன்ற இடங்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 200 லிட்டர் இயந்திரம் ஒன்றே லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. சத்தம் உண்டு, வைக்கக் காற்றோட்டமான இடம் வேண்டும், கடல் காற்றில் துருவும் பிடிக்கும்.

பணக் கணக்கு போடுவோம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லை எடுத்து, கடைசிப் படியில் என்ன வீதம் இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் அந்தப் படியிலிருந்துதான் கழியும்.

நாலு பேர், பக்கெட் குளியல், வருஷத்தில் 120 நாள் வெந்நீர். கீசரின் வீண் இழப்பையும் சேர்த்து 200 யூனிட் வைத்துக்கொள்வோம். 1,200 ரூபாய். இவர்கள் 20,000 ரூபாய்க்கு சோலார் வைத்தால், செலவு முழுவதும் மிச்சமானால்கூட போட்ட பணம் திரும்ப 16 வருஷத்துக்கு மேல் ஆகும். நம் உப்புத் தண்ணீரில் அதுவரை இயந்திரம் தாங்குமா?

நாலு பேர், ஷவர், வருஷத்தில் 300 நாள் வெந்நீர். 1,200 யூனிட், 7,200 ரூபாய். இதில் முக்கால் பங்கை சோலார் மிச்சம் பிடித்தாலும் நாலு வருஷத்தில் பணம் வந்துவிடும். ஆனால் மேல் மாடியாக இருக்க வேண்டும். இதே வீடு ஹீட் பம்பு வாங்கினால் மிச்சம் 4,800 ரூபாய், போட்ட லட்சம் திரும்ப 20 வருஷம்.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா என்று கேட்பீர்கள். எல்லாரும் ஒரே மாதிரி மாற வேண்டாம் என்கிறேன். ஷவரில் நிற்கும் மேல் மாடி வீட்டுக்கு சோலார் சரி. பக்கெட் வீட்டுக்குப் பழைய கீசர் பழுதாகும்போது 10 அல்லது 15 லிட்டரில் ஐந்து நட்சத்திரம் போதும். அதுவரை சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும்தான் மருந்து.

மொட்டை மாடி யாருக்கு?

இங்கேதான் நம் சண்டை. இரண்டு வீடு கேட்டது தப்பில்லை, மற்றவர்கள் மறுத்ததும் தப்பில்லை. ஆனால் எல்லாருமே மறந்த விஷயம் ஒன்று, சோலார் என்பது இரண்டு வகை. ஒன்று தண்ணீரைச் சுட வைப்பது. அதற்கு மத்திய அரசு கொடுத்துவந்த 30 சதவீத மானியம் 2014-ல் நின்றுவிட்டது. இன்னொன்று மின்சாரம் எடுப்பது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் இதற்கானது. அதில் நம் மாதிரி குடியிருப்போர் சங்கங்களுக்கும் லிஃப்ட், மோட்டார் போன்ற பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

யோசித்துப் பாருங்கள். வெந்நீர் ஹீட்டர் சித்திரை, வைகாசியில் சும்மா கிடக்கும். மின்சாரப் பலகை அந்த மாதங்களில்தான் அதிகம் கொடுக்கும். நாம் பயன்படுத்தாதது மின்துறைக் கம்பிக்குப் போய்க் கணக்கில் வரவாகும். 10 கிலோவாட் வைத்தால் சராசரியாக ஒரு நாளைக்கு 40 யூனிட் கிடைக்கும். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் நாம் கட்டும் பொது பில் குறைந்தால், அது 24 வீட்டு மாதச் சந்தாவிலும் தெரியும். முதல் மாடிக்காரருக்கும் மொட்டை மாடியில் பங்கு கிடைக்கும் வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு 100 சதுர மீட்டர் அளவுக்கு நிழல் விழாத இடம் வேண்டும். முதலில் அதை ஒதுக்கிவிட்டு, ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் கேட்பவர்களுக்கு ஹீட்டர் அனுமதி கொடுக்கலாம். நிபந்தனைகள் மூன்று. 200 லிட்டர் தண்ணீரும் சட்டமும் சேர்ந்தால் கால் டன், அதனால் தூணோ உத்திரமோ இருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். தளத்தைத் துளைத்து ஆணி அடித்து, கீழ் வீட்டில் ஒழுகினால் வைத்தவர் பொறுப்பு. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊர் இது, காற்றுக்குத் தாங்கும் பிடிப்பு இல்லாமல் எதுவும் மேலே ஏறக் கூடாது.

முடிப்பதற்கு முன் உயிர் சம்பந்தப்பட்ட நாலு விஷயம். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, மயங்கி விழும்வரை தெரியாது. 60 டிகிரி தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைச் சுடும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீடுகளில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று பக்கெட்டில் பிடியுங்கள். தெர்மோஸ்டாட்டை 50-க்கு மேல் வைக்க வேண்டாம், ஆனால் வெதுவெதுப்பில் தேங்கிய நீரில் கிருமி வளரும் என்பதால் வாரம் ஒரு முறை 60-க்கு ஏற்றி இறக்குங்கள். சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறது என்று அதை அடைத்து வைக்காதீர்கள், அது அடைந்தால் கீசர் குண்டுதான். எர்த் இருக்கிறதா, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி டிரிப் ஆகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கூட வேண்டுமானால் நானும் வருகிறேன், காப்பி மட்டும் போதும்.

இன்று எதையும் வாங்க முடிவு செய்ய வேண்டாம். ஒரு தாள் தருகிறோம். வீட்டில் எத்தனை பேர், பக்கெட்டா ஷவரா, எந்தெந்த மாதம், எத்தனை மணிக்கு, கீசர் எத்தனை லிட்டர், எத்தனை வருஷப் பழசு. அவ்வளவுதான். பதினைந்து நாளில் நிரப்பிக் காவலாளி அறையில் கொடுங்கள். 24 தாளும் வந்த பிறகு மெயின் போர்டும் மொட்டை மாடியும் பற்றி ஓட்டெடுப்போம்.

அடுத்த தீபாவளிக்கு அந்த மூன்றாம் மாடி அம்மாதான் நம் கட்டடத்தில் முதலில் குளிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் வீட்டுக்கு விடியற்காலை மூன்றரை மணியை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.